அகார்-அகார்: கடல் கொடுத்த பாசியும் நாம் கொட்டும் சீனியும்

தீபாவளி, பிள்ளையின் பிறந்த நாள், கோயில் திருவிழா, புதுமனை புகுவிழா, எதுவானாலும் நம் தோட்டத்து வீடுகளில் ஒரு தட்டு அகார்-அகார் இல்லாமல் இருப்பதில்லை. தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபோன பிறகும் இந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. பச்சை, சிவப்பு, தேங்காய்ப் பால் ஊற்றிய வெள்ளை என்று அடுக்கடுக்காக உறையவைத்து வெட்டி வைக்கிறோம். பிள்ளைகள் முதலில் கை நீட்டுவதும் அதற்குத்தான். ஆனால் அது எதனால் ஆனது என்று வகுப்பில் கேட்டுப் பார்த்தோம். "கடையில் விற்கிற தூளால் ஆனது, டீச்சர்" என்று பதில் வந்தது. மாட்டு எலும்பிலிருந்து எடுப்பது என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. அது ஜெலட்டின், வேறு பொருள். அகார்-அகார் கடலில் விளையும் ஒரு செம்பாசியின் சாறு. ஆகவே சைவ உணவு உண்பவரும் தயங்காமல் சாப்பிடலாம், பக்கத்து வீட்டு மலாய்க்காரக் குடும்பத்துக்கும் கொடுத்தனுப்பலாம்.

இந்தப் பாசியைப் பற்றி இன்று பேச வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அண்மைக் காலமாகப் பெற்றோர் கூட்டங்களில் எங்களிடம் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கடற்பாசித் தூள், கடற்பாசி மாத்திரை, கடற்பாசிக் கூழ் என்று டப்பாவில் அடைத்து விற்கிறார்களே, இனிப்புநீர் குணமாகும், இரத்தம் ஊறும், மூட்டு வலி போகும் என்கிறார்களே, வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஒரு டப்பாவின் விலை சில வீடுகளில் ஒரு வாரக் காய்கறிச் செலவை விழுங்கிவிடும். பணம் போனாலும் பரவாயில்லை என்று விட்டுவிட முடியாது. கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இப்படி ஒரு தூளைக் கரைத்துக் குடித்து வந்த ஒரு தகப்பனாரை, எங்களிடம் படிக்கும் அவர் பிள்ளையின் வழியாகவே அறிந்தோம். காலில் இருந்த புண் பெரிதான பிறகுதான் அவர் மறுபடியும் கிளினிக்குப் போனார். ஆகவே இந்தப் பாசியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

கடற்பாசிகளை அவற்றின் நிறத்தை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள்: பச்சை, பழுப்பு, சிவப்பு. இவற்றுக்கு நம் செடிகொடிகளைப் போல வேர் கிடையாது, பூ கிடையாது. பாறையையோ சிப்பியையோ பற்றிக்கொண்டு, உடம்பு முழுவதாலும் கடல் நீரிலிருந்து உப்புகளை உறிஞ்சி வாழ்கின்றன. சிவப்புப் பாசிகளில் சிலவற்றைக் கொதிக்கவைத்தால் பிசுபிசுப்பான சாறு இறங்கும். கிராசிலேரியா, கெலிடியம் என்னும் இனங்களின் சாறுதான் அகார்-அகார். நம் நாட்டில் சபாவின் செம்போர்ணா கடலில் கயிறு கட்டி வளர்க்கிறார்களே, அந்தக் கப்பாபைக்கஸ் வேறு இனம். அதன் சாறுக்குக் கராகினான் என்று பெயர். ஐஸ் கிரீம், பெட்டியில் வரும் சாக்லேட் பால், பற்பசை எல்லாவற்றிலும் குழகுழப்பைத் தருவது அதுதான். கடைகளில் 'ரும்பாய் லாவுட்' என்று எழுதி விற்கும்போது இரண்டையும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறோம்.

பாசி சிவப்பாக இருந்தால் அகார்-அகார் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. வெயிலில் காயும்போதும் கொதிக்கும்போதும் அந்தச் சிவப்புப் போய்விடும். நம் தட்டில் இருக்கும் சிவப்பு, சிரப் போத்தலின் சிவப்பு.

பால்மரம் வெட்டிய காலத்தைக் கண்ட மூத்தவர்களுக்கு ஒன்றைச் சொன்னால் எளிதில் விளங்கும். பால் கொட்டகையில் ரப்பர்ப் பாலை உறையவைக்க அசிட் ஊற்ற வேண்டும். அகாருக்கு அது தேவையில்லை. கொதித்து ஆறினாலே போதும், ஏறக்குறைய 32 முதல் 40 டிகிரிச் சூட்டில் தானாக உறைந்துவிடும். ஆனால் ஒரு தடவை உறைந்துவிட்டால் மறுபடியும் உருக 85 டிகிரி வரை சூடு வேண்டும். அதனால்தான் நம் ஊர் வெயிலிலும் அது தட்டில் கட்டியாக நிற்கிறது. ஜெலட்டினாக இருந்தால் வாயில் போட்டதும் கரைந்துவிடும்.

இந்தச் சிறிய குணம் மருத்துவ உலகத்தையே மாற்றியது. 1881-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்னும் அறிஞரிடம் வால்தர் ஹெஸ்ஸ என்ற மருத்துவர் ஆராய்ச்சி செய்து வந்தார். கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்த்துப் பார்ப்பார்கள். கோடைக் காலத்தில் ஜெலட்டின் உருகிப் போகும்; சில கிருமிகள் அதைத் தின்றே கரைத்துவிடும். வேலை வீணாகும். அந்த மருத்துவரின் மனைவி ஃபானி ஹெஸ்ஸ, "நான் சமையலுக்குப் பயன்படுத்தும் அகார்-அகாரைப் போட்டுப் பாருங்கள்" என்று யோசனை சொன்னார். அவர் பிறந்து வளர்ந்தது நியூயார்க்கில். அங்கே ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த ஒரு டச்சுக் குடும்பத்தாரிடமிருந்து அதைக் கற்றிருந்தார். இன்றைக்கும் கர்ப்பிணிப் பெண்ணின் சிறுநீரையோ இருமல்காரரின் சளியையோ சோதனைக்கு அனுப்பினால், கிருமி வளர்த்துப் பார்க்கும் தட்டுகளில் பெரும்பாலும் அகார்தான் இருக்கும். உலகத்து மருத்துவமனைகள் எல்லாம் உச்சரிக்கும் அந்தச் சொல், நம் பக்கத்து வீட்டாரின் மலாய்ச் சொல். அந்த யோசனைக்காக ஃபானி அம்மையாருக்குப் பணமும் வரவில்லை, அவர் காலத்தில் பெயரும் வரவில்லை.

இந்தப் பாசிக்கும் நமக்கும் இன்னோர் உறவு உண்டு. நம் தாத்தா பாட்டிகளில் பலர் இராமநாதபுரம் சீமையிலிருந்து கப்பல் ஏறியவர்கள். அந்தச் சீமையின் கடற்கரையில், மண்டபம், பாம்பன், இராமேசுவரம் பகுதிகளில், இன்றும் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாறையிலிருந்து பிடுங்குவார்கள். அங்கே அகார் தரும் ஒரு வகைக்கு மரிக்கொழுந்துப் பாசி என்று பெயர், இன்னொன்று கஞ்சிப்பாசி. பெயரே சொல்கிறது, கரையோர மக்கள் அதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்திருக்கிறார்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண்மணிக்கு, அந்தப் பெண்களின் உரிமைக்காகவும் கடலைக் காப்பதற்காகவும் உழைத்தமைக்காக, 2015-இல் சீகாலஜி என்னும் அனைத்துலகப் பரிசு கிடைத்தது. நாம் ஒரு பொட்டலத்தைக் கடையில் வாங்கும்போது இந்தக் கைகளையும் ஒரு நிமிடம் நினைக்கலாம்.

இனி சத்துக்கு வருவோம். விற்பவர்கள் சொல்லுவதில் பாதி உண்மையும் பாதிக் கலப்படமும் இருப்பது இங்கேதான்.

பாசியைப் பாசியாகவே சோதித்தால் அதில் பல சத்துகள் உண்டு. நம் நாட்டுக் கடலோரத்தில் வளரும் கிராசிலேரியா சாங்கி என்ற வகையைப் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். காய்ந்த எடையில் ஏறக்குறைய 7 விழுக்காடு புரதம், 25 விழுக்காடு நார், கொழுப்பு 3 விழுக்காடுதான், மற்றபடி தாது உப்புகள் நிறைய. இதைப் படித்துவிட்டுத்தான் 'புரதம் நிறைந்தது, இரும்புச் சத்து நிறைந்தது' என்று டப்பாவில் அச்சடிக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கணக்கு முழுப் பாசிக்கு உரியது. அகார்-அகார் செய்யும்போது பாசியைக் கழுவி, கொதிக்கவைத்து, வடிகட்டி, உறையவைத்து, நீரைப் பிரித்துவிடுகிறார்கள். அந்த நீரோடும் சக்கையோடும் புரதமும் தாது உப்புகளும் பெரும்பாலும் போய்விடுகின்றன. மிஞ்சுவது நார்ச்சத்து ஒன்றே என்று சொல்லிவிடலாம். கரும்பைப் பிழிந்து காய்ச்சி வெள்ளைச் சீனி எடுத்த பிறகு அதில் கரும்பின் மற்றச் சத்துகளைத் தேடுவது போலத்தான் இதுவும்.

முழுப் பாசியையே தின்றால் என்ன என்று கேட்கலாம். ஜப்பானியர் சோற்றைச் சுற்றிச் சாப்பிடும் நோரி என்னும் ஏடும் ஒரு செம்பாசிதான். அதில் மூன்றில் ஒரு பங்கு புரதம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஓர் ஏட்டின் எடை ஏறக்குறைய 3 கிராம். அப்படியானால் புரதம் 1 கிராம்தான். ஒரு கோழி முட்டையில் 6 கிராம் இருக்கிறது. முட்டையின் விலையையும் அந்த ஏட்டின் விலையையும் தாய்மார்கள் நம்மைவிட நன்றாக அறிவீர்கள்.

அந்த நார்ச்சத்து நமக்கு என்ன செய்கிறது? நம் குடல் அதைச் செரிக்க முடியாது. நீரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்கிறது. அதனால் மலம் இளகுகிறது. வயிறு நிறைந்த உணர்வு வருகிறது. கலோரி அநேகமாக இல்லை. ஜப்பானில் உடல் பருத்த, இனிப்புநீர் உள்ள அல்லது அதன் விளிம்பில் நின்ற 76 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தி 2005-இல் வெளியிட்டார்கள். எல்லாருக்கும் உணவுக் கட்டுப்பாடு உண்டு. ஒரு பாதிப் பேர் அதோடு சீனி இல்லாத அகாரையும் சாப்பிட்டார்கள். 12 வாரத்தில் அகார் சாப்பிட்டவர்களின் எடை சராசரி 2.8 கிலோ குறைந்தது, மற்றவர்களுக்கு 1.3 கிலோ. நல்ல பலன்தான். மருந்தை விட்டுவிடலாம் என்பதற்கு இது ஆதாரம் ஆகாது. சோற்றுக்கு முன் வயிற்றைக் கொஞ்சம் நிரப்பிக்கொண்டால் சோறு குறைகிறது; அவ்வளவே அதன் இரகசியம்.

இப்போது நம் வீட்டுத் தட்டுக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 10 கிராம் தூள் போடுகிறோம். அதில் 8 கிராம் நார் என்றே வைத்துக்கொள்வோம். 16 துண்டாக வெட்டினால் ஒரு துண்டுக்கு அரை கிராம் வரும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் நார் வேண்டும். வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு பெரிய கிண்ணத்தில் 12 கிராம் கிடைக்கும்! அதே பானையில் நாம் கொட்டும் சீனி எவ்வளவு? 200 கிராமுக்குக் குறைவாகப் போடும் வீடு அபூர்வம். துண்டுக்கு 12 கிராமுக்கு மேல். மூன்று துண்டு தின்றால் 37 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் கூறிய அறிவுரைப்படி, நாள் முழுவதற்கும் சேர்த்துச் சேர்க்கும் சீனி 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் நின்றால் மேலும் நல்லது. இதற்கு மேல் டின் பால் வேறு. இன்று பால் என்று நாம் வாங்கும் பல டின்களில் 'இனிப்புக் கிரீமர்' என்று எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள், சீனியும் செம்பனை எண்ணெயும்தான் அதில் முன்னே நிற்கும்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறோம்? 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், நம் நாட்டுப் பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியரில் மட்டும் கணக்கிட்டால் 100-க்கு 31 பேர். ஒரு லயத்தில் பத்துக் குடும்பம் இருந்தால் அதில் எத்தனை வீட்டில் அந்த நோய் இருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். இனிப்புநீர் உள்ளவருக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, அதே சீனி போட்ட அகாரையே இரண்டு துண்டு கூட்டிக் கொடுக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறோம். பாசி இனிப்புநீரை வளர்க்காது. சீனி வளர்க்கும்.

பெரியவருக்கு நன்மையாக இருக்கும் இதே குணம் சின்னப் பிள்ளைக்கு இடைஞ்சலாகிவிடும். வயிற்றை நிரப்பிச் சத்துக் கொடுக்காமல் போவது பருத்த உடம்புக்கு உதவி. மெலிந்த பிள்ளைக்கு அது நட்டம். அதே 2019 ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 100-க்கு ஏறக்குறைய 22 பேர் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதவர்களாக இருந்தார்கள். காலையில் பிள்ளை அடம்பிடிக்கிறது என்று ஒரு சிறு கிண்ண ஜெல்லியைக் கையில் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினால், பத்து மணி வரை அதன் வயிற்றில் இருப்பது நிறமும் நீரும்தான். முட்டை, நெத்திலி, பயறு, பால் இவற்றுக்குப் பின்னால் அகார் வரட்டும், முன்னால் வேண்டாம்.

அந்தச் சிறு கிண்ண ஜெல்லியில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. ஒரே வாயில் உறிஞ்சிக் குடிப்பதுபோல் அதைச் செய்திருக்கிறார்கள். வழுக்கிக்கொண்டு போய் மூச்சுக் குழலை அடைத்துக்கொண்டால் எடுப்பது கடினம். வாயில் கரையவும் கரையாது. பல நாடுகளில் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் இத்தகைய சிறு கிண்ண ஜெல்லிகளைத் தடை செய்தது. கொன்யாக்குப் போட்டவை மட்டுமல்ல, அகாரும் கராகினானும் போட்டவையும் அதில் அடங்கும். வீட்டில் செய்வதைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது பொடியாக நறுக்கி, உட்காரவைத்து, கரண்டியால் கொடுங்கள். தூளை அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது பெரியவர்களுக்கும் கூடாது; தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும்.

அயோடின் பற்றியும் ஒரு வார்த்தை. முழுக் கடற்பாசிகளில் அயோடின் உண்டு. பழுப்புப் பாசிகளில் மிக அதிகம். வடித்தெடுத்த அகாரில் அது சொற்பம். ஆகவே கழுத்துச் சுரப்பி நோய்க்கு அகார்-அகார் மருந்தும் அல்ல, நஞ்சும் அல்ல. ஆனால் தைராய்டு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிப் பெண்களும் கடற்பாசி மாத்திரை, கூழ் போன்றவற்றை டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். அளவு மீறிய அயோடினும் கெடுதிதான்.

விடுமுறையில் மெர்சிங்கிற்கோ தேசாருவுக்கோ போகிறோம். கேலாங் பாத்தா பக்கம் மெராம்போங் திட்டில் நீர் வற்றும்போது கடற்புல்லும் பாசியும் கம்பளம் விரித்தாற்போல் தெரியும். காசில்லாமல் கிடைக்கிறதே என்று அள்ளிக்கொண்டு வந்து பச்சையாகத் தின்ன நினைக்க வேண்டாம். 1991-இல் குவாம் தீவில், வழக்கமாக உண்ணும் பாசியின் இனத்தைச் சேர்ந்த ஒன்றைத் தின்ற 13 பேர் நோயுற்று, அவர்களில் மூவர் இறந்தார்கள். ஜப்பானிலும் கிராசிலேரியாவைப் பக்குவம் செய்யாமல் பச்சையாகத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. மேலும், பாசி தான் இருக்கும் நீரில் உள்ளதையெல்லாம் உறிஞ்சும் என்று முன்பே சொன்னோம். ஈயமும் பாதரசமும் இருந்தால் அதையும் உறிஞ்சும். 2019 மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிக்கூடங்களை மூட வேண்டி வந்ததை ஜொகூர்க்காரர்களான நாம் மறக்கவில்லை. நம் நீரிணையின் தண்ணீரைப் பார்த்து, அதில் வளர்வதைப் பறித்துத் தின்ன எங்களுக்குத் துணிவில்லை.

அப்படியானால் எப்படிச் செய்து சாப்பிடலாம்? எங்கள் வீடுகளில் செய்வதைச் சொல்கிறோம். நீளக் கீற்றாக விற்கும் அகார்-அகாரைக் குளிர்ந்த நீரில் அரை மணி ஊறவையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு பாண்டான் இலையை முடிச்சுப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஊறிய 10 கிராம் கீற்றைப் போட்டு முழுவதும் கரையும் வரை கிளறுங்கள். சீனி இரண்டு மேசைக்கரண்டி போதும். முதல் தடவை பிள்ளைகள் முகம் சுளிக்கும், மூன்றாம் தடவை பழகிவிடும். அடுப்பை அணைத்த பிறகு பழத்தைப் போடுங்கள். பொந்தியான் அன்னாசிப் பழம் இதற்கு மிகப் பொருத்தம். பச்சை அன்னாசியை ஜெலட்டினில் போட்டால் உறையவே உறையாது, அந்தப் பழத்தில் உள்ள ஒரு பொருள் புரதத்தைக் கரைத்துவிடும். அகாரில் புரதம் இல்லாததால் அதனிடம் அன்னாசியின் வேலை பலிக்காது. ஆனால் புளிப்புப் பழத்தைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் அகார் இளகிப் போகும். அதனால்தான் பழம் கடைசியில். இனிப்பே வேண்டாம் என்பவர்கள், ஊறிய கீற்றைக் கரைக்காமல் கொதிநீரில் ஒரு நொடி காட்டி எடுத்துப் பிழிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், துருவிய தேங்காய், பொரித்த நெத்திலி சேர்த்து எலுமிச்சை பிழிந்து சம்பலாகச் சாப்பிடலாம். கெடா, லங்காவிப் பக்கத்து மலாய்க்காரர்கள் சாரே என்னும் கிராசிலேரியாப் பாசியை இப்படித்தான் கெராபு செய்கிறார்கள்.

மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இதைச் சாப்பிடுவதற்கும் மாத்திரைக்கும் எவ்வளவு நேர இடைவெளி விடவேண்டும் என்று அடுத்த தடவை கிளினிக்குப் போகும்போது தாதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது அந்த டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.